நாளைக்குள்ள சட்டி

என் அக்கா ஞானபாய் எனக்குத் தர வேண்டியிருந்தது பதினாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். சட்டி சுமந்த கூலி. அந்தக் காசுக்காக யாராவது கூடப்பிறந்தவளைக் கொல்வார்களா சார்? நீங்கள் இங்கே ஸ்டேஷனில் மலையாளத்தில் எழுதி வாசித்துக் காட்டியதில் பணத் தகராறு என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. வயசு நாற்பதைத் தாண்டின பிறகு எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். தங்கையா என்கிற என் பேரில் ஒரு தாள் போகிறதென்றால் அதில் உள்ளது சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் தாள் கேட்டு வாங்கினேன். தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா வைக்கிற சூரைமீன் குழம்பு பாறசாலைப் பக்கம் பேர்போனது. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து கெஞ்சுவார்கள். அம்மா போய் வைத்துக் கொடுப்பாள். எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டாள். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு, பெண்பிள்ளைக்குக் குழம்பு. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா அவளை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே விறகு கீறிக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த வீடு அப்பாவின் வைத்தியத்துக்கு விற்றுப்போனது. அவளுக்கு வந்த குழம்பை யாரும் விற்கச் சொல்லவில்லை. அதை அவள் தினமும் விற்றாள், அது குறையவும் இல்லை.

கழக்கூட்டம் என்கிற ஊரில் ஹைவேக்குப் பின்பக்கம் அவள் தட்டுக்கடை போட்டாள். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும். கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள் கழுத்தில் தொங்குகிற அட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வரிசையில் நின்று சாப்பிடுவார்கள். அவர்கள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கட்டடங்களுக்கு நான் கான்கிரீட் சுமந்திருக்கிறேன். அதில்தான் என் முதுகெலும்பு விலகியது. அதன் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் அக்கா என்னைச் சட்டி சுமக்க வைத்துக்கொண்டாள். காலையில் அவள் வீட்டுக்குப் போய்க் குழம்புச் சட்டிகளைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றிக் கடையில் இறக்க வேண்டும்.

அவள் சமையல் செய்தது வீட்டோடு ஒட்டாத ஒரு தனி அறையில். சாவி அவள் இடுப்பில் இருக்கும். சுவரோரம் பலகையில் இரண்டு வரிசையாக மண்சட்டிகள், வாழையிலை போட்டு மூடி. முன்வரிசைதான் எனக்குள்ளது. ஒருநாள் தெரியாமல் பின்வரிசையில் கை வைத்துவிட்டேன். கையில் ஓங்கி அடித்தாள்.

“லேய், அத தொடப்பிடாது. அது நாளைக்குள்ளது.”

நாளைக்கு வைக்கப்போகிற மீனை உப்புப் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் தூக்குகிற சட்டிகள் எப்போதும் ஆறியே இருக்கும். விடிய முன்னே எழுந்து குழம்பு வைத்து, தம்பி கை சுடக் கூடாதென்று ஆறவைத்துத் தருகிறாள் என்றும் நினைத்தேன். அதற்காக அவள்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பின்னே, எனக்கும் ஒரு ஆசை இருந்தது. நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டு முன்னால் தகரம் போட்டு, நானும் ரத்னாபாயும் உட்கார்ந்தபடியே நடத்துகிற ஒரு கடை. குனியாமல், சுமக்காமல் மீதி நாளைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ரத்னாபாய் என் பெண்சாதி. அவளும் மீன்குழம்பு வைப்பாள். ஆனால் அதைத் தின்ன ஹைவேயைத் தாண்டி எவன் வருவான்? அம்மாவின் குழம்பு இருந்தால் வருவான். அக்காவிடம் கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டேன்.

“ஒனக்கு சிமெண்டு சட்டிக்கும் மீன் சட்டிக்கும் வித்தியாசம் தெரியுமாலேய்?” என்பாள். கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். விடாமல் கேட்டால், “நாளைக்குச் சொல்லுதேன், போ” என்பாள். அந்த நாளை வரவே இல்லை.

ரத்னாபாய் ஒருநாள் சொன்னாள்: “இஞ்ச பாரும், உம்ம அக்கா அத சவப்பெட்டியில வச்சிக் கொண்டுபோவா, கேட்டீரா. நீரு பெட்டிய சொமப்பீரு.” வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆண்பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்பது அம்மா வைத்த முறை. அம்மா பேச்சை நான் தாண்டியதில்லை. போன மாதம் அக்காவின் மருமகன் அபிலாஷ் கடைக்கு வந்தான். போன் வழியாக ஆர்டர் எடுத்துக் குழம்பைக் கொச்சி வரைக்கும் அனுப்பப் போகிறானாம். அதற்கு ஒரு படமும் வரைந்து வைத்திருந்தான். சட்டிக்குப் பக்கத்தில் அக்காவின் முகம்.

“மாமா, ஓணம் கழிஞ்சா அம்மச்சி எல்லாம் எனக்குப் படிப்பிச்சுத் தரும். பின்னே மாமா சட்டி ஒண்ணும் சுமக்க வேண்டாம், கேட்டோ” என்றான்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கிழங்கு அரிந்துகொண்டே, “அவன் படிச்ச பையன்லா” என்றாள்.

அபிலாஷ் ஆண்பிள்ளை இல்லையா சார்? முறையை மீறியது நான் அல்ல. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அபிலாஷும் அவன் பெண்சாதியும் வித்துராவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஆராதனை முடிந்து அக்கா வீடு திரும்புகிற நேரம் பார்த்து, ஒரு சூரை வாங்கிக்கொண்டு போனேன். நல்ல மீன், செவுள் சிவந்திருந்தது. அவள் சமையல் அறையைத் திறந்து வைத்திருந்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன். அம்மாவும் அப்படித்தானே சாத்தினாள்.

“எக்கா, எனக்கு இன்னைக்குச் சொல்லித் தரணும்” என்றேன்.

“குடிச்சிருக்கியாலேய்?”

நான் குடிப்பதில்லை, அது அவளுக்கும் தெரியும். அவள் கதவுப் பக்கம் போனாள். மறித்துத் தள்ளினேன். அடுப்புத் திண்டில் முகம் மோதி முன்பல் போனது. அப்புறம் துணி காயப்போடுகிற கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். உட்காருவதற்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். ஒரு தடவை சத்தம் போட்டாள். ஹைவேயில் போகிற லாரிச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

அவள் சொல்லச் சொல்ல நான் சமைத்தேன். என்னென்ன சொன்னாள், எதன் பின் எதைப் போடச் சொன்னாள் என்பதை இதில் எழுதவில்லை. சில இடங்களில் அவள் பொய் சொல்வதுபோல் எனக்குத் தோன்றியது. தோன்றியபோதெல்லாம் ஒரு விரலை ஒடித்தேன். இடது கை விரல்கள்தான். வலது கையை நான் தொடவில்லை. அது சமைக்கிற கை. ஒடித்த பிறகும் அவள் அதையேதான் சொன்னாள், மாற்றவில்லை. ஆகவே உண்மை என்று எடுத்துக்கொண்டு மேலே போனேன். நான் நியாயமாகவே நடந்துகொண்டேன்.

அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தேன். புளி தனியாக நின்றது. மிளகாய் தனியாக எரிந்தது. மீன் எதிலும் சேராமல் வெறும் மீனாகக் கிடந்தது. ரத்னாபாய் வைக்கிற குழம்பே இதைவிடத் தேவலாம். அம்மா குழம்பின் கிட்டவே வராது அது.

“எதை ஒளிச்சே?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஒளிக்கல்லடே. கர்த்தராண.”

“பின்னே ஏன் அம்மைக்க கறி மாதிரி இல்ல?”

அவள் வாய் வீங்கியிருந்தது. இருந்தாலும் சொன்னது தெளிவாகக் கேட்டது. “நாளைக்கு. நாளைக்குப் பாருடே, தங்கையா.”

அந்த வார்த்தையை எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறேன். கட்டிப்போட்டிருக்கும்போதும் அதையே சொல்கிறாளே என்று எனக்குச் சோர்வாக வந்தது. கோபம் என்று எழுதாதீர்கள், சோர்வுதான். அம்மிக்குழவி கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது. எடுத்துத் தலையில் போட்டேன். கான்கிரீட் சுமந்த கைக்கு அது பெரிய கனம் இல்லை. ஒரு போட்டில் முடியவில்லை. முகம் யாருடையது என்று தெரியாமல் போகிற வரைக்கும் ஆயிற்று. அபிலாஷ் வரைந்த படத்தில் இருந்த முகம் ஞாபகம் வந்தது, அதனாலும் இருக்கலாம். பிறகு குழவியைக் கழுவி அம்மிமேல் வைத்தேன். கட்டை அவிழ்த்து அவளைக் கீழே கிடத்தி, சர்ச்சுக்குப் போகும்போது அவள் மேலே போடுகிற கவணித் துணியால் மூடினேன். குழம்புச் சட்டியைப் பழக்கதோஷத்தில் வாழையிலை போட்டு மூடினேன். முதுகு வலித்ததால் அங்கேயே படுத்தேன்.

விடிந்தபோது பசித்தது. வேறு ஒன்றும் இல்லாததால் அக்கா முந்தின நாள் வேகவைத்திருந்த கிழங்கை எடுத்து, அந்தச் சட்டியைத் திறந்தேன்.

சார், அது அம்மாவின் குழம்பு.

புளியும் மிளகாயும் மீனும் ஒன்றாகி, எது எதுவென்று பிரிக்க முடியாமல் இருந்தது. ராத்திரி நான் எதுவும் சேர்க்கவில்லை. யாரும் உள்ளே வரவும் இல்லை. பலகையில் இருந்த பின்வரிசையைப் பார்த்தேன். ஒன்றைத் திறந்தேன். உப்பு மீன் இல்லை. வைத்து முடித்த குழம்பு. நாளைக்குள்ளது என்றால் நாளைக்குத் தின்ன வேண்டியது. நான் சுமந்ததெல்லாம் முந்தைய நாள் குழம்பு.

ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியுமே, மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்று இங்கே இருக்கிற பெண் போலீஸ் என்னிடம் சொன்னார். இருக்கலாம். எங்கள் வீட்டில் மீன் மறுநாளைக்கு மிஞ்சியதே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். போதாமல் மறுபடியும் ஊற்றிக்கொண்டேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு இங்கே நடந்து வந்தேன்.

நான் அவசரக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஒரு ராத்திரி பொறு என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். பொறுமை எனக்கு நிறைய உண்டு. அவள்தான் சரியாகச் சொல்லவில்லை.

கூலிப் பாக்கியைத் தள்ளிவிட்டேன் என்று போட்டுக்கொள்ளுங்கள். அக்காவின் மகளிடம் யாரும் கேட்க வேண்டாம். தர வேண்டியதை அக்கா தந்துவிட்டாள்; எங்களுக்குள் இனி ஒரு கணக்கும் இல்லை. அம்மாவின் குழம்பு இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். குடும்பத்துச் சங்கதி குடும்பத்துக்குள் இருக்க வேண்டும்.

அதனால் ஒரே ஒரு உபகாரம் சார். இந்தத் தாளை அபிலாஷ் பார்க்கக் கேட்டால், ஒரு ராத்திரி வைத்திருக்க வேண்டும் என்று வருகிற இடங்களை மட்டும் மையால் அடித்துவிட்டுக் காட்டுங்கள்.