இருட்டக்காவின் தனி ஆல்பம்

தலைமை தாங்கும் இசைக்கருவிக் கடைக்காரர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பெற்ற பிள்ளை கொளுத்தும் வெயிலிலும் ஏன் கறுப்புக் கோட்டு போடுகிறது என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன தாய்மார்களே! கண்மை கரையக் கரையக் காத்திருக்கும் கன்னியரே, காளையரே! வணக்கம்.

இருட்டக்கா எங்கள் ‘காதிக் ராக்’ என்னும் இருட்டு இசைக் குழுவில் பதினோரு ஆண்டுகள் பாடினார். நான் டிரம்ஸ் வாசித்தேன். மரணத்தைப் பாடினார், மயானத்தைப் பாடினார், மனமுறிவைப் பாடினார். ஒரு பாட்டிலாவது ஒருவராவது பிழைத்தாரா? இல்லை! தம்பி, இங்கே கைதட்டாதீர்கள். இது வருத்தமான இடம்.

பிறகு அவர் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்தெடுத்தார்கள். உயிர் தப்பியது, உச்சஸ்தாயி தப்பவில்லை. ஒத்திகை அறையில் வாய் திறந்தார். துருப்பிடித்த கேட்டைத் திறந்தது போலிருந்தது. மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். வாய் திறந்த வீரன் யார்? அடியேன்!

"அக்கா, இனிமே உங்களால பாட முடியாது. வேற ஆள் பாத்துக்கறோம்."

அழுதாரா? ஆத்திரப்பட்டாரா? "சரிடா" என்று மைக்கை அணைத்துவிட்டுப் போனார்.

புதுப் பாடகி வந்தார். தேன் குரல். சுடுகாட்டுப் பாட்டையும் சிரித்துக்கொண்டே பாடினார். ஆறே மாதத்தில் குழுவை நல்லடக்கம் செய்தோம்.

இருட்டக்காவோ ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராகச் சேர்ந்தார். மதிய இடைவேளைகளில் எக்ஸ்ரே அறையைச் சாத்திக்கொண்டு, கம்மிய குரலுக்கேற்ற ஒன்பது பாடல்களை எழுதினார், பாடினார், பதிவு செய்தார். "உள்ள யாருக்குங்க பல் புடுங்குறாங்க?" என்று நோயாளிகள் பதறினார்களாம். "யாருக்கும் இல்லீங்க, அது பாட்டு" என்றாராம் மருத்துவர். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

போன மாதம், நம் தலைவர் வெளியீட்டுக்கு முன்பே அனுப்பிவைத்த அந்த ஆல்பத்தைப் பேருந்தில் கேட்டேன். நான்காம் பாட்டில் குரல் உடைகிறது. அவர் நிறுத்தவில்லை, உடைந்த குரலோடே அடுத்த வரிக்குப் போகிறார். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் நின்று போன் செய்தேன்.

"அக்கா, மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் போன்ல வேணாம்டா. வெளியீட்டு விழாவுக்கு வா. அன்னைக்கு நாலு பேர் முன்னாடி சொன்னத நானூறு பேர் முன்னாடி மாத்திச் சொல்லு."

சொல்கிறேன்! பாட முடியாது என்றேன்; பொய்! முடிந்துவிட்டது என்றேன், பிழை! பழைய குரல் சாவைப் பாடியது. கேட்டோம், ரசித்தோம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். இந்தக் குரலோ சாவின் வாசற்படி வரை போய், உள்ளே எட்டிப் பார்த்து, திரும்பி வந்து பாடுகிறது! இதற்கு நான் டிரம்ஸ் வாசிக்கட்டுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். "வேணாம்டா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நல்லாத்தான் இருக்கிறது!

என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி கூறி, இந்த மைக்கை உரியவரிடமே ஒப்படைத்து, கீழே போய் உட்காருகிறேன். வணக்கம்.