கை சுடாத சென்சார்

என் பெயர் லுஜைன். வயது பதினாறு. தந்தை பெயர் பாஸெம் கத்தான். அம்மான் நகரம் பயாதிர் பகுதியில், மாவு மில்லுக்குப் பின்னால் உள்ள கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இதை எழுதும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் அண்ணன் கைஸ், வயது இருபத்திரண்டு, தன் பழைய காருக்கு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ பொருத்தினான். டர்போ வைத்த இன்ஜினில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் பிஸ்டன் உருகிவிடும். அதை முன்கூட்டியே அறிய, புகைக்குழாயில் ஒரு சென்சாரும் டாஷ்போர்டில் ஒரு மீட்டரும் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதை மீட்டர் எண்ணாகக் காட்டும். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அண்ணனும் நானும் தொழிற்பேட்டையில் அதைத் தேடிப் போனோம். முதல் கடையில் சரக்கு இல்லை, இரண்டாவது கடையில் விலை கட்டுப்படியாகவில்லை, அதன் பிறகு அபூ ஸஃப்வான் என்பவர் கடைக்குப் போனோம். அவர் பாதி விலை சொன்னார். அண்ணனுக்குத் தேநீரும் எனக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். நான், அதை பேட்டரியில் இணைத்து சென்சாரை வெறும் காற்றில் பிடித்துக் காட்டும்படி கேட்டேன். வெறும் காற்றில் பெட்ரோல் இல்லை என்பதால் மீட்டரின் எண் உச்சத்துக்கு ஓட வேண்டும். அவர் அண்ணனைப் பார்த்து, "வண்டிய ஓட்டப்போறது நீயா, உன் தங்கச்சியாப்பா? சொல்லிட்டா பில்லுல அவ பேரையே போட்டுடறேன்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனுக்குக் காது சிவந்தது. சோதிக்காமலே வாங்கினான்.

அதன் பிறகு அந்த மீட்டர் எப்போதும் 14.7 என்றே காட்டியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எண் பன்னிரண்டுக்கு அருகில் இறங்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். அது நல்ல எண்தானே, ஏன் இறங்க வேண்டும் என்றான். வாங்கிய பின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, அண்ணனும் நானும் சாக்கடலிலிருந்து ஊருக்கு ஏறும் சாலையில் வரும்போது பிஸ்டன் ஓட்டையாகி, வண்டி புகைக்குள் நின்றது. பின்னால் வந்த லாரி எங்களைத் தொடாமல் எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது. அப்போதும் மீட்டரில் 14.7 இருந்தது.

மறுநாள் மீட்டரையும் சென்சாரையும் கழற்றிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். கடை மேசையிலேயே பேட்டரி வைத்து இணைத்தேன். இரண்டு நிமிடம் விட்டேன். வெறும் காற்றில் 14.7. உண்மையான சென்சாராக இருந்தால் அந்த நேரத்தில் அதன் முனை உள்ளே இருக்கும் ஹீட்டரால் தொட முடியாதபடி கொதிக்கும். நான் முனையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். அது குளிர்ந்தே இருந்தது. அபூ ஸஃப்வான், "பாத்தியா, மெஷினுக்கே உன்னப் புடிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வேறொருவருக்கு அதே மீட்டரின் புதுப் பெட்டியைப் பிரித்தார். அதன் பிறகு நான் எங்கள் மீட்டரைக் கண்ணாடி அலமாரி மீது எறிந்தேன். கண்ணாடி உடைந்து அவர் முன்கையில் வெட்டியது. அதற்கு மூன்று தையல் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். காயத்துக்கு வருந்துகிறேன். எறிந்ததற்கு வருந்தவில்லை.

காவலர் வந்தபோது அண்ணன் என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி, "நான்தான் ஒடச்சேன்" என்றான். அபூ ஸஃப்வானும் அவன்தான் என்றார். பள்ளிக்கூடப் பெண் கையால் அடிபட்டேன் என்று சொல்ல அவருக்கு மனமில்லை. அண்ணன் இரண்டு நாளாகக் காவலில் இருக்கிறான்.

நாளை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் சமாதானம் பேச அபூ ஸஃப்வான் வீட்டுக்குப் போகிறார்கள். வைத்த காபியைத் தொடாமல் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பார்கள். அவர் சரி என்றதும் குடிப்பார்கள்; குடித்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்று பொருள். மீட்டரில் குறையில்லை, கைஸ் ஓட்டிய விதத்தால்தான் இன்ஜின் போனது, கண்ணாடியை அவனே உடைத்தான் என்று எழுதி அப்பா கையெழுத்திட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அப்பா ஒப்புக்கொண்டார். நான் அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா, "ஸ்டேஷன் நோட்டுல ஏறுன பொண்ணு பேரு எறங்காதுடி" என்றாள்.

ஏறட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்தக் காபியை அவர்கள் குடித்துவிட்டால் பொய் மீட்டர் நல்ல மீட்டராகிவிடும், அண்ணன் குற்றவாளியாகிவிடுவான். ஆகவே நாளை காலை பள்ளிக்குப் போகாமல் காவல் நிலையத்துக்கு வருகிறேன். அன்று உடைந்த கண்ணாடிக்கு நடுவிலிருந்து நான் பொறுக்கி வந்த மீட்டரும் சென்சாரும் என் பள்ளிப் பையில் உள்ளன. முகப்பு விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் எண் தெரிகிறது. ஐயா ஒரு பேட்டரி தர வேண்டும். நான் இணைத்துக் காட்டுகிறேன். முனையை என் உள்ளங்கையிலேயே மூடிக்கொள்கிறேன். கை வெந்தால் நான் எழுதியது முழுவதும் பொய். வேகாவிட்டால் என் அண்ணனை விட்டுவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

மேற்கண்டவை நான் கண்டதும் செய்ததும் மட்டுமே. யாருக்காகவும் கூட்டவில்லை, யாருக்குப் பயந்தும் குறைக்கவில்லை. நானே எழுதிப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன்.

லுஜைன் பாஸெம் கத்தான்