மோட்டார் சத்தம் வரும் இடம்

யுகேந்திரன் என் வீட்டுக் கேட்டைப் பிடித்து உலுக்கியபோது நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சமைக்கிற நேரத்தில் சண்டைக்கு வரக்கூடாது என்கிற நாகரிகம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை.

"எடுங்க அத்தை. அந்தப் பாட்ட நெட்டுலேர்ந்து எடுங்கன்னு சொல்றேன்ல."

"எடுத்துட்டா மட்டும் ஆச்சா? உலகமே கேட்டுடுச்சு. உள்ள வாடா, தண்ணி குடிச்சிட்டுக் கத்து."

"உங்க வூட்டுத் தண்ணி எனக்கு வேணாம்லா. எங்கம்மா மூஞ்சிய அதுக்கப்புறம் ஒரு தடவயாச்சும் வந்து பாத்தீங்களா?"

"சன்னல் வழியா தெனம் பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு ஏன் கேட்டை உதைத்தான் என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக் காளியம்மா துணி காயப்போடுகிற சாக்கில் வாளியோடு வெளியே வந்து நின்றாள். வாளியில் துணியே இல்லை. இந்தத் தாமான் குடியிருப்பில் என்னை நாலு பேர் வேடிக்கை பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அதில் எனக்குச் சின்ன வருத்தம்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு மாதிரி பேசுகிறார்கள். ஒரு சேதியை வாய்க்கு வந்தபடி மாற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. இத்தனை வருஷமாக இங்கே அந்த வேலையை ஒழுங்காகச் செய்துவருகிறவள் நான். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பவானேஸ்வரி. மலாக்கா பக்கம் புக்கிட் ரம்பாயில் வரிசை வீடுகளில் கடைசி வீடு. நான் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. என் சமையலறை சன்னல் பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காவின் ஹாலைப் பார்த்து அமைந்துவிட்டது, அவ்வளவுதான். கட்டினவனைக் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டுப் பயனில்லை.

மலர்க்கொடி அக்கா ஃபேக்டரி கேண்டினில் சமைக்கிறவள். வாயைத் திறந்தால் கேலிதான். ஆனால் சாவு வீட்டில் அவள் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தால், எவ்வளவு கல்மனசுக்காரனும் எழுந்து வெளியே போய் நிற்பான். அவள் புருஷன் சின்னத்தம்பி போனபோது அவள் பாடியதை நான் போனில் பிடித்து வைத்தேன். ஒரு ஞாபகத்துக்குத்தான்.

போன் நிரம்பிவிட்டது என்று மலாக்கா டவுனில் ஹாபிஸின் கடைக்கு எடுத்துப்போனேன். போன் ரிப்பேர் செய்கிற பையன், பாட்டுப் பைத்தியம். எதை அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவன், அந்த ஒப்பாரியில் நின்றுவிட்டான்.

"அக்கா, இது யாரு?"

"பக்கத்து வூடு."

"இத அழிச்சா பாவம்கா. நெட்டுல போடலாமா?"

போட்டான். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே முழுதாகப் புரியவில்லை. ஐஸ்லாந்திலிருந்து ஒருத்தி, தமிழ் ஒரு சொல் தெரியாமல் அழுததாக எழுதினாள். பிரேசிலில் ஒருவன் அதற்கு மேல் செல்லோ வாசித்துப் போட்டான். பெர்லினில் ஊர் ஊராகப் பாட்டுத் தேடி ஆல்பம் போடுகிற ஒருவர், "இவர் வேறு என்னென்ன பாடுவார்?" என்று கேட்டார். முன்பெல்லாம் நான் வாய் திறந்தால் சேதி மிஞ்சிப்போனால் செர்காம் வரை போகும். கடல் வந்துவிடும், அங்கேயே நின்றுவிடும். இப்போது கடல் தாண்டிப் போகிறது. அந்தச் சந்தோஷம் உங்களுக்கு விளங்காது.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்கும் பெருமைதான். ஆனால் ஹாலில் உட்கார்ந்து ஒன்று பாடச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"பவானி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? பொணம் இல்லாத வூட்டுல அதப் பாடுவாங்களா?"

"சும்மா ஒரு பாட்டுதானேக்கா."

"அது பாட்டு இல்லடி. ஆளக் கூப்புடுறது. சும்மா கூப்புட்டா யாராச்சும் வந்துருவாங்க."

சரி என்று சாவு வீடுகளுக்குப் போனோம். நியாலாஸ் தோட்டத்தில் அவள் சித்தப்பா போனார். செர்காமில் ஒரு தூரத்துச் சம்பந்தி. அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் மைக் வைத்தோம், எல்லாம் முறைப்படி. பெர்லின்காரர் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் பாட்டு மாதிரி இல்லை என்றார். அவர் காதைப் பாராட்ட வேண்டும். சித்தப்பாவுக்கு அக்கா முக்கால் குரலில்தான் பாடினாள், சம்பந்திக்கு அரைக் குரல். எவ்வளவு நெருங்கிய உறவோ அவ்வளவு குரல். முதல் பாட்டு மாதிரி இன்னொன்று கிடைத்தால்தான் ஆல்பம், கிடைக்காவிட்டால் மன்னிக்கவும் என்று எழுதிவிட்டார். ஹாபிஸ் அப்படியே வாடிப்போனான்.

நான் நிதானமாக யோசித்தேன். அக்காவின் அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள். புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் ஒரே மகன் யுகேந்திரன்.

தப்பாக நினைக்காதீர்கள். யாரும் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் சாமியிடம் கேட்டதில்லை. அதனால்தான் யாரும் சாகாத ஒரு வழியைத் தேடினேன்.

அவன் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஃபேக்டரியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பூட்டி வைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்துதான் எடுக்க வேண்டும். அக்காவுக்கு அன்று லீவு. காளியம்மா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வரிசையில் பாதிப் பேர் அவள் வீட்டுக்குள் இருந்தார்கள், ரேடியோ வேறு சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. காலையிலேயே கறிவேப்பிலை கேட்டுப் போனபோது, சின்னத்தம்பி படத்துக்குப் பின்னால் ஹாபிஸின் சின்ன மைக்கை வைத்துவிட்டு வந்திருந்தேன். மாலை மறைத்துக்கொண்டது.

மத்தியானம் அவள் வாசலில் போய் நின்றேன். செருப்புப் போடவில்லை. தலையை முடியவில்லை.

"என்னாடி?" என்றாள்.

"அக்கா... யுகேன்... மோட்டார்..."

இவ்வளவுதான் நான் சொன்னது. செத்துவிட்டான் என்று நான் சொல்லவே இல்லை. வேண்டுமானால் பதிவைக் கேட்டுப் பாருங்கள். மிச்சத்தை அவளாகவே நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று எழுந்தாள். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ஆம்பளைங்க போயிருக்காங்கக்கா, அவங்களே கொண்டாந்துருவாங்க, நீ உட்காரு என்றேன். ஆறுதல்தானே அது. யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அவள் சின்னத்தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக்கூடப் பயம் வந்துவிட்டது, இவ்வளவு ஏற்பாடும் வீணாகிவிடுமோ என்று. பிறகு தொடங்கினாள்.

அந்தக் குரலை நான் வர்ணிக்கப்போவதில்லை. நெட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவன் பால் மறந்ததிலிருந்து முதல் சம்பளத்தில் ரைஸ் குக்கர் வாங்கி வந்தது வரைக்கும் பாடினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை.

ஷிப்ட் முடிந்து அவன் எப்போதும்போல மோட்டாரில் வந்து இறங்கினான். பாட்டின் கடைசியில் அந்தச் சத்தம் வரும். ஹாபிஸ் அதை வெட்டிவிடலாம் என்றான், பெர்லின்காரர் கூடாது என்றார். மோட்டார் சத்தம் வந்து, நின்று, கேட் திறக்கிற இடத்தில் அவள் குரல் ஒரு மாதிரி உடையும். உடைந்து, மறுபடி எழும். உலகம் முழுக்க எல்லாரும் கேட்பது அந்த இடத்தைத்தான். இந்தச் சத்தத்தைத் தொண்டையில் எப்படிக் கொண்டுவருகிறார் என்று பெரிய பெரிய பாடகிகளெல்லாம் எழுதிக் கேட்கிறார்கள்.

மகன் வாசலில் நிற்கிறான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே அவள் பாடினாள். நிறுத்தவில்லை.

இறந்துவிட்டதாகப் பொய்ச்சேதி வந்தால் அவனுக்கு ஆயுசு கெட்டி என்று நம்மவர்கள் எல்லாரும் சொல்வதுதானே. அந்தக் கணக்கில் யுகேந்திரனுக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன். செத்துப்போன மகன் சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பி வருகிற பாக்கியம் எத்தனை தாய்க்குக் கிடைக்கும்? இதை அவனிடம் சொன்னேன். அப்போதுதான் இரண்டாவது தடவை கேட்டை உதைத்தான்.

அக்கா கேண்டின் வேலையை விட்டுவிட்டாள். கேலிப் பேச்சும் நின்றுபோயிற்று. மகனுக்குச் சோறு போடுகிறாள், ஆனால் அவன் சாப்பிடுகிறபோது பார்ப்பதில்லையாம். யாரோ சாவுக்கு வந்த ஆள் மாதிரி அவனை உட்காரச் சொல்கிறாளாம். ஒருநாள் அவன், "அம்மா, நான்தான்மா," என்று சொன்னதற்கு, "உனக்குத்தான் அழுதாச்சே ஐயா," என்றாள். சன்னல் வழியாக என் காதிலேயே விழுந்தது.

போலீசில் சொல்லப்போவதாக அவன் சொன்னான், சொல்லவில்லை. மூன்று வார்த்தைக்கு யார் கேஸ் எழுதுவார்கள்? வீட்டை விட்டுவிட்டு அம்மாவை ஜொகூர் பக்கம் கூட்டிப்போய்விட்டான். அங்கே மோட்டார் ஓட்டுவதில்லையாம், பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான். ஹாபிஸுக்கு விஷயம் தெரிந்ததும் என் போனை எடுப்பதில்லை. நஜ்வா என்கிற நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டு கிள்ளானில் கடை வைத்திருக்கிறான். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. காளியம்மா மகளுக்கு அன்று பார்த்த மாப்பிள்ளையே அமைந்துவிட்டது.

ஆல்பம் வந்தது. பெர்லின்காரர் இரண்டாவது ஒன்று போடலாமா என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் எழுதவில்லை. எனக்கும் வயதாகிறது, இந்த அலைச்சலெல்லாம் இனி ஆகாது.

பக்கத்து வீட்டுக்கு நிர்மலாதேவி என்று ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். நல்ல மாதிரி. துணி துவைக்கும்போது பாடுகிறாள், கனமான குரல். புருஷன் தாய்லாந்து எல்லை வரைக்கும் லாரி ஓட்டுகிறானாம். போன வாரம் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தேன். போகிற வழியில் எங்கெங்கே அவனுக்கு போன் லைன் கிடைக்காது என்று, பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்தேன்.