ஆடாத ஸ்டாண்ட்

கீபோர்டுக்கு ஸ்டாண்ட் வாங்குவதாக இருந்தால் எக்ஸ் மாடல் மட்டும் வேண்டாம், மேடம். உங்கள் மகள் கற்றுக்கொள்கிறாள் என்று ஏட்டம்மா சொன்னார்கள், அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன். கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே விரியுமே, அதுதான் எக்ஸ். மடக்கித் தூக்க வசதி, பார்வைக்கும் லட்சணம். ஆனால் ஒரு கீபோர்டைத் தாங்கவே அதற்கு மூச்சு வாங்கும்; தலையில் இன்னொன்றையும் ஏற்றினால் கதை கந்தல். குருநாதன் விவகாரத்துக்கு அப்புறம் வருகிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை. ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு வரிசையாகப் புரியும். எனக்கும் அதைச் சொல்ல ஆசையாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பரணிதரனை நீங்களே மேடையில் பார்த்திருப்பீர்கள். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கம் எந்தக் கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி என்றாலும் கீபோர்டு அவர்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழப்பழுவூர்க் கச்சேரியில் டிரம்களை நிறுத்திப் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். பையன்கள் ஏறி ஆட, மேடை ஆட, எக்ஸ் ஸ்டாண்டும் கூடச் சேர்ந்து ஆடியது. மேல் கீபோர்டு வழுக்கி வந்ததை நெற்றியால் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டே மனிதர் பாட்டை முடித்தார். அதை ஏதோ ஸ்டைல் என்று நினைத்து ஊரே விசில் அடித்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பார்கள். இவர் விஷயத்தில் மேடை நிஜமாகவே கோணல்தான். நான் கீழே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவருக்கு ஆடாத ஸ்டாண்ட் ஒன்று வாங்கித்தர வேண்டியது என் பொறுப்பு.

திருச்சிக்குப் போனோம். கடையில் இருந்த இரண்டு தட்டு ஸ்டாண்ட் ஒன்றைக்கூட நான் விடவில்லை. உலுக்கினேன், சாய்த்தேன், கடைசியில் மேல்தட்டைப் பிடித்துத் தொங்கியே பார்த்தேன்.

“ஹேமா, வாங்கறதுக்கு முன்னாடியே ஒடைச்சிடாத. கடைக்காரரு நம்மளத்தான் பாக்குறாரு” என்று அவர் சிரித்தார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். வாரத்தில் பாதி நாள் ஏதாவது ஊர்த் திருவிழாவில் இருக்கிற மனிதர், மேடம். ஒரு முழுப் பகல் எனக்கே எனக்கென்று கிடைத்தது அந்த ஸ்டாண்டால்தான். அதனால் திருச்சியில் எதுவும் வாங்காமலே வந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. இன்னும் தேடலாம் அல்லவா.

அரியலூரில் குருநாதன் கிடைத்தான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவன். சதுர இரும்புக் குழாயில் அவன் கட்டிக்கொடுத்த ஸ்டாண்டை நீங்கள் பார்க்க வேண்டும். அடியில் அகலமாக ஒரு கட்டை, இரண்டு பக்கமும் தூண், கீழ்த்தட்டு தூணோடு சேர்த்து வெல்டிங். மேல்தட்டு மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி. இரும்புச் சட்டம், அதன்மேல் அவருடைய பழைய பெரிய கீபோர்டு. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். பொருள் வாங்கும்போது கேள்வி கேட்பதில் வெட்கப்படக் கூடாது. நான் கேட்டேன்.

“மேல்தட்டு எத நம்பி நிக்குது தம்பி?”

“பக்கத்துக்கு ஒரு போல்ட்டுக்கா, கையாலயே திருகிக்கலாம். இது ரெண்டும் இருக்கற வரைக்கும் யானையே ஏறுனாலும் அசையாது” என்றான்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. அந்த நேரத்தில் என் மனத்தில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஸ்டாண்டைச் சின்ன யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பிறகு சுதர்சன் போன் செய்தான். இவரோடு முன்பு மேடையில் பாடியவன், இப்போது சென்னையில் இருக்கிறான். அங்கே ஒரு பெரிய குழுவில் கீபோர்டுக்கு ஆள் வேண்டுமாம், வெளிநாடெல்லாம் போவார்களாம். இவர் போனை வைத்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். தரையில் விட்ட பிறகுதான் மீதியைச் சொன்னார்.

“விஜயதசமி முடிஞ்சதும் கெளம்பணும். மொதல்ல நான் மட்டும் போறேன் ஹேமா. ஒரு வருஷம் பொறுத்துக்க, அப்புறம் ஒன்னயும் கூட்டிக்கிறேன்.”

“போயிட்டு வாங்க” என்றேன். கேசரி கிளறினேன். முந்திரி நிறையப் போட்டேன், நம் பக்கத்து முந்திரிக்கு என்ன குறைச்சல். சாப்பிட்டுவிட்டு அவர் இன்னும் கேட்டு வாங்கினார். போகிற மனிதருக்கு இத்தனை பசி எப்படி வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்போது நீங்கள் கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் கீபோர்டு, ஸ்டாண்ட், பெட்டி, ஒயர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்போம். பொட்டு வைப்பது என் வேலை. பட்டப்பகலில், கூடத்தில், அவர் மாலை கட்டிக்கொண்டிருக்க நான் செய்தேன். ஒவ்வொரு தூணுக்கும் சந்தனம், குங்குமம். போல்ட்டு இருக்கிற இடம் வந்ததும் விரலால் திருகினேன். நல்ல எண்ணெய் போட்டிருந்தான் குருநாதன், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வந்தது. முழுக்கக் கழற்றவில்லை, நுனி மட்டும் பிடித்திருக்கும்படி விட்டேன். மேலே கொஞ்சம் தாராளமாகச் சந்தனத்தை அப்பினேன். “என்ன ஹேமா, ஸ்டாண்டுக்குக் கல்யாணமா?” என்று அவர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிஜமாகவே அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பூஜை போட்ட பொருளை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். புத்தகத்தைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள், வண்டியை எடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் ஸ்டாண்டை யாரும் தொடவில்லை. சாமியே காவல் இருந்தது போலத்தான்.

விஜயதசமி காலையில் அவரிடம் புதிதாகக் கீபோர்டு கற்றுக்கொள்ள எதிர்வீட்டுச் சிந்து வந்தாள். சின்னக் குழந்தை. அவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் ராட்சசி இல்லை, மேடம். “இங்க வா கண்ணு, சுண்டல் தரேன்” என்று உடனே கூப்பிட்டேன். வந்துவிட்டாள், சமத்து. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு இரண்டு கையையும் கீழ்க் கீபோர்டில் வைத்தார். பிள்ளையார் பாட்டை எப்போதும் அங்கேதான் தொடங்குவார். தாளத்துக்கு அடிக்கட்டையைக் காலால் தட்டுவது அவர் பழக்கம். பல்லவி முடியவில்லை. மேல்தட்டு அப்படியே, எந்தக் கோணலும் இல்லாமல், இறங்கியது.

அவர் கத்தியது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

பெரம்பலூரில் எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனோம். இரண்டு கைக்கும் கட்டு. ஊரில் எல்லோரும் கண் திருஷ்டி என்றார்கள். சென்னைச் செய்தியைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னால் பின்னே என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மிச்சப் பழி குருநாதன் தலையில் விழுந்தது. அவனிடம் வேலை கொடுக்கப் பயப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் வந்து கீழே கிடந்த போல்ட்டை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு அழுதான்.

“மரை தேயவே இல்லக்கா. யாரோ திருகிக் கழட்டுன மாதிரில்ல இருக்கு.”

அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். பாவம், நல்ல வேலைக்காரன். உங்கள் மகளுக்கு ஸ்டாண்ட் வேண்டுமானால் அவனிடமே கட்டச் சொல்லுங்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். நாங்கள் இப்போது எப்படி இருக்கிறோம் என்று வந்து பார்த்தால் நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். காலையில் நான் பல் தேய்த்துவிடுகிறேன். தலை வாரிவிடுகிறேன். மூன்று வேளையும் என் கையால் ஊட்டுகிறேன்; ரசம் சாதத்தை உருட்டி வைத்தால் குழந்தை மாதிரி வாய் திறக்கிறார். எந்த ஊர்த் திருவிழாவும் எங்களைப் பிரிக்கவில்லை. சுதர்சன்கூடப் போன் செய்வதை நிறுத்திவிட்டான். அவர் முன்போல அதிகம் பேசுவதில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில்கூட என்னை இப்படி விடாமல் பார்த்ததில்லை. சில நேரம் சந்தோஷம் தாங்காமல் நான் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடிவிட்டு வருகிறேன்.

டாக்டர் விரல்களுக்குப் பயிற்சி சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார், அது உண்மைதான். அதைப் பரண்மேல் போட்டதும் நான்தான். பிடித்துப் பிடித்துப் பார்த்து, வரவில்லை என்று அவர் மனம் உடைந்துபோவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கட்டைப் பிரித்த பிறகும் இரவில் துணி சுற்றிக் கட்டுவதும் நான்தான். கொஞ்சம் இறுக்கமாகத்தான் கட்டுவேன். ஆடாமல் இருக்க வேண்டும் அல்லவா.

ஆக, போல்ட்டைக் கழற்றியது நான். குருநாதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சீக்கிரம் முடித்துவிடுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது. வேறு யார் கையாலும் அவர் சாப்பிடமாட்டார்.

புகார் கொடுத்தது குருநாதன் இல்லை, என் வீட்டுக்காரரே நேரில் வந்து கொடுத்தார் என்கிறீர்கள். இருக்காது, மேடம். குருநாதன் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருப்பான். அவர் என்னை அழைத்துப்போகத்தான் வந்திருப்பார். நான் இல்லாமல் அவரால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. வேண்டுமானால் அந்த ஜன்னலில் எட்டிப் பாருங்கள். வேப்பமரத்தடி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

டீ டம்ளரை யார் அவரிடம் கொடுத்தது? தானே பிடித்திருக்கிறார். ஒரே கையில். பத்து விரலும் நன்றாகத்தான் மடங்கி நிமிர்கிறது, இன்னொரு கையால் முட்டியில் தாளம்கூடப் போடுகிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை நாளாக வாயைத் திறந்து திறந்து என் கையால் வாங்கிக்கொண்டிருந்தார்.

டீ சூடாக இருக்கும், மேடம். யாரையாவது அனுப்பி அதை அவர் கையிலிருந்து வாங்கச் சொல்லுங்கள்.