பதினோரு பெட்டி மண்

– அந்தப் பையைக் கொட்டிரு, வெங்கடேஸ்வரி.

– கிறுக்கா பிடிச்சிருக்கு மச்சான்? நேத்து ஒங்க பைக்குல தொத்திக்கிட்டு மலைக்குப் போயி, அய்யனார் கோவில் ஓடையில முழங்கால் தண்ணியில நின்னு அள்ளுன மண்ணு.

– அதான் சொல்லுதேன். இன்னும் மேல, அருவிகிட்டப் போயி வேற அள்ளித் தாரேன்.

– ரயிலு சங்கரன்கோவில் தாண்டிருச்சாம். பிளாட்பாரத்துல பாதி ராஜபாளையம் நம்மளத்தான் பாக்குது. பேசாம இருங்க.

– போகட்டும். அள்ளிட்டு வந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரயிலைப் பிடிச்சிரலாம்.

– ஒங்க பைக்குலயா? நேத்து ஏத்தத்துல நான்தான் எறங்கித் தள்ளுனேன்.

– ஒரு பை மண்ணுக்கு எதுக்குட்டி இம்புட்டுப் பாடு?

– மூணு வாட்டி சொல்லியாச்சு. நாப்பது நாளு கப்பல்ல போயி, கடலுக்கு அடியில குழாய எறக்கிச் சேறு எடுத்தோம். மலையில மழை அரிச்ச மண்ணு ஆத்தோட போயி அங்கதான் படியுது. அடுக்கடுக்கா. அடியில இருக்கதுதான் பழசு.

– எங்க தறியில நெய்யுற பேண்டேஜ் துணிச் சுருள் மாதிரி. உள்ள இருக்கதுதான் மொதல்ல சுத்துனது.

– அதேதான். எந்தக் காலத்துல மலை எம்புட்டுக் கரைஞ்சுதுன்னு அந்த அடுக்கு சொல்லும். ஆனா அது இந்த மலை மண்ணுதானான்னு ஒத்துப் பாக்கணும்ல? அதுக்குத்தான் இந்தப் பை.

– மலை கரையுதுன்னு எங்க ஊரு செட்டியார்பட்டியில வந்து சொல்லிறாத. கரைஞ்ச எடத்துல வேலி போட்டு வளைச்சிருவாங்ய.

– செத்த நேரம் கேளுங்க. காலையில லென்ஸ் வச்சுப் பாத்தேன். இதுல சிப்பி இருக்கு மச்சான். கடல் சிப்பி!

– இருக்கும்.

– இருக்குமா? மலைமேல கடல் சிப்பி! ஒரு காலத்துல கடலு அய்யனார் வாசல் வரைக்கும் வந்திருக்கு. இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. புரொபசருக்கு மெயில் எழுதிட்டேன். அனுப்புற பட்டன அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

– அமுக்காத.

– ஏன்?

– அதுல யானை லத்தி கெடக்கும்.

– அலசியாச்சு.

– கொரங்கு தொட்ட மண்ணு.

– அமுக்குதேன்.

– ஏட்டி, வெரல எடு! அது தூத்துக்குடி மண்ணு!

– என்னது?

– தூத்துக்குடி கடக்கரை மண்ணு. ஒரு ஆளு பெட்டி பெட்டியா சுமந்தாந்து அந்த ஓடையில கொட்டுனான். நேத்திக்கடன்.

– அய்யோ, அஞ்சு வருசப் படிப்பு! இத அனுப்பியிருந்தா ஒலகமே சிரிச்சிருக்கும். எந்தக் கூமுட்ட மச்சான் அவன்?

– கூமுட்டங்காத. பாவம், பதினோரு பெட்டி நேந்துக்கிட்டான்.

– காட்டுக்குள்ள கடல் மண்ணு வேணும்னு எந்தச் சாமி கேட்டுச்சு?

– சாமி கேக்கல. கடல்ல புயலுன்னு டிவியில சொன்னாங்க. அவன் மாமன் மக கப்பல்ல இருந்தா. அஞ்சு நாளா போனு போகல. அவள கரை சேத்துரு, கடலையே அள்ளியாந்து ஒன் வாசல்ல வைக்கேன்னு அய்யனார்ட்டச் சொல்லிட்டான்.

– மச்சான்.

– ம்.

– புயலு எங்க பக்கமே வரல.

– பின்ன, வருமா? பதினோரு பெட்டில்லா.

– நேத்தே சொல்ல வேண்டியதுதான? நான் அதே எடத்துல குனிஞ்சு அள்ளும்போது மரம் மாதிரி பாத்துக்கிட்டு நின்னீக!

– நேத்திக்கடன் முடியிறதுக்கு முன்னால வெளிய சொல்லக் கூடாது. இன்னும் ரெண்டு பெட்டி கெடக்கு.

– ஒம்போது பெட்டி சொமந்த எம் மச்சான் கருத்தப்பாண்டிக்கு ரெண்டு பெட்டி பாரமாக்கும்?

– அது ஒத்தையில ஆகாது. அந்த ரெண்டையும் சோடியா வந்து கொட்டுதேன்னு வேண்டியிருக்கேன்.