துக்க நாளில் மன்றம் பூட்டியிருக்கும்

சாப்பிடும்போது எனக்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்தால் தொண்டைக்குக் கீழே இறங்காது. இது குறையா என்று கேட்டால் குறைதான். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற குறை. உங்களுக்கும் இருக்கும் ஐயா. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நான் சோபா தைப்பவன். ரெக்சின், பஞ்சு, ஸ்பிரிங், அடியில் கட்டுகிற நாடா, இவைதான் என் உலகம். பெரிய சோபாக்களைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் நானே பையை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போவேன். எந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து அழுகிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த இடம் மட்டும் சீக்கிரம் உள்வாங்கிவிடும்.

என் மனைவியைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நகர மன்றத் தலைவி. முன்பு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தேர்தலில் நிற்கிறேன் என்று அவள் சொன்னபோது நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நான் போன வீட்டிலெல்லாம் அவளுக்காக ஓட்டுக் கேட்டேன். பெண்டாட்டி முன்னேறுவதைப் பார்த்து வயிறெரிகிற ஜாதி நான் இல்லை.

சிக்கல் நாய் விதியில்தான் ஆரம்பித்தது. ஒரு பெண் குழந்தையை நாய் கடித்துவிட்டது. உடனே மன்றம் ஒரு புதிய விதி கொண்டுவந்தது: வளர்ப்பு நாய் தெருவுக்கு வந்தால் சங்கிலியும் வாய்க்கூடையும் வேண்டும், தெரு நாய்க்கு யாரும் தெருவில் சோறு போடக் கூடாது. அவ்வளவுதான். அந்த விதியை நிறைவேற்றுவதற்குள் ஊரே இரண்டாகப் பிளந்தது. ஆளாளுக்கு மனு. ஒவ்வொரு மனுவுக்கும் விசாரணைக் கூட்டம். மதியம் ஆரம்பிக்கிற கூட்டம் முடிந்து அவள் வீடு வந்து சேரும்போது நான் பசி அடங்கிப் படுத்திருப்பேன்.

"கூட்டம் இழுத்துடுச்சுங்க" என்பாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள்.

என்னதான் இழுக்கிறது என்று பார்க்க ஒருநாள் நானே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். டிரில் மாஸ்டர் தன் மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பள்ளியை விட்டு ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் கழுத்தில் விசிலோடுதான் திரிவார்.

"தலைவி அம்மா, நாயைக் கட்டுங்க, இல்ல என்னைக் கட்டுங்க. ரெண்டுல ஒண்ணுதான் தெருவுல நடக்கணும்."

எதிர்ப்பக்கத்தில் நாய்க்கார அக்கா எழுந்தார். தெரு நாய்களுக்கெல்லாம் சோறு போடுகிறவர்.

"உங்களைக் கட்டுறதுக்குச் சங்கிலி மட்டும் பத்தாது மாஸ்டர். வாய்க்கூடையும் வேணும்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! நாயோட பழகிப் பழகி இந்தம்மாவும் குரைக்குது."

"நான் குரைக்கத்தான் செய்றேன். நீங்க இந்த ஊர்ப் பிள்ளைங்களைப் பிரம்பால கடிச்சிருக்கீங்க."

கூட்டமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அவளைக் களைப்பாக்கி என்னிடம் அனுப்புகிறவர்கள் இவர்கள்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைத் தின்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை.

மறுநாள் காலையில், "இன்னைக்கு ஒருநாள் போகாதே" என்று அவள் கையைப் பிடித்தேன். நான் சும்மா பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் ஐயா, இழுத்தது அவள். மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். கட்டோடு அன்றைக்கும் கூட்டத்துக்குப் போனாள். அவ்வளவு கடமை உணர்வு.

அந்தச் சமயத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இறந்துபோனார். அவர் மனுவும் மன்றத்தில் இருந்தது. அது தன் இயல்பில் வந்த சாவு, அதை என் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அன்று சூரியன் இறங்குவதற்கு முன்பே வாசலில் மன்ற வண்டி வந்து நின்றது. என் மனைவி இறங்கினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள்தான் விளக்கினாள். மன்றத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டாம். மனு நிலுவையில் இருக்கும்போது மனுதாரர் இறந்துவிட்டால், இரங்கல் தீர்மானம் போட்டு, கூட்டத்தை ஒத்திவைத்து, கூட்டறையைப் பூட்டிவிடுவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமலே போய்விட்டாரே என்ற மரியாதை. எல்லோரும் மன்ற வண்டியில் துக்க வீட்டுக்குப் போவார்கள். பிறகு வண்டி ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் இறக்கிவிடும்.

அன்று இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தபால்காரரை நினைத்து அவள் அழுதாள். அவள் காலை என் மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். அசையாமல் இருந்தாள். கல்யாணமான புதிதில் இருந்ததுபோல இருந்தது. அவ்வளவு நிம்மதி அந்த வீட்டில்.

மறுநாளிலிருந்து பழையபடி கூட்டம் இழுத்தது.

டிரில் மாஸ்டர் வீட்டு நாற்காலியில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருந்தது. அவரே கூப்பிட்டிருந்தார். போனேன். "இங்க பாருய்யா, உக்காந்தா குத்துது" என்று குனிந்து காட்டினார். பையிலிருந்து ஆணி அடிக்கிற கொட்டாப்புளியை எடுத்து அவர் பின்மண்டையில் அடித்தேன். முதல் அடியில் விழவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார், கூலி எவ்வளவு என்று கேட்க வந்தவர்போல. அடுத்த அடி நெற்றியில் விழுந்தது. வாயில் விசிலைக் கவ்வ முயன்றார். பாவம், பழக்கதோஷம். மூச்சு விசிலில் கொஞ்சம் கேட்டது, பிறகு நின்றது. ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, கையில் ஈரத்துணியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மின்விசிறி துடைக்கப் போய் விழுந்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். ஸ்பிரிங்கையும் சரிசெய்துவிட்டுத்தான் வந்தேன். ஒத்துக்கொண்ட வேலை.

வண்டி வந்தது. அவள் வந்தாள். சாப்பிட்டோம்.

அடுத்தது மருந்துக்கடைக்காரர். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தன் கடை வாசலில் நாய்க்கார அக்கா நாய்களுக்குச் சோறு போடக் கூடாது என்று அவர் மனுக் கொடுத்திருந்தார். மதியம் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் தூங்குவார். அவர் தலைக்கு வைத்திருந்த திண்டு நான் தைத்ததுதான், நல்ல அடர்த்தியான பஞ்சு. அதை உருவி முகத்தில் வைத்து மேலே உட்கார்ந்தேன். மனிதர் ஒல்லி என்று நினைத்தது தப்பு. ரெக்சினைக் கடித்துக் கிழித்துவிட்டார். பல் ஒன்று பஞ்சுக்குள் கிடந்தது. கால் உதைத்த உதையில் இருமல் மருந்துப் பாட்டில்கள் எல்லாம் சரிந்து உடைந்தன. அந்த இனிப்பு வாசனை இரண்டு நாள் என் சட்டையை விட்டுப் போகவில்லை. திண்டை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டேன். நெஞ்சுவலி என்று முடிவு கட்டினார்கள்.

அன்று வீட்டைப் பெருக்கி, தண்ணீர் காயவைத்து, இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தேன். வண்டி வரவில்லை. சாப்பாடு ஆறியது. வழக்கம்போல நேரம் போய்த்தான் வந்தாள்.

"மருந்துக்கடைக்காரர் செத்துப் போயிட்டாராமே? கூட்டத்தை ஒத்திவைக்கலையா?" என்று கேட்டேன்.

"அவர் போன வாரமே மனுவை வாபஸ் வாங்கிட்டாருங்க. நாய்க்கார அக்காவும் அவரும் பேசிச் சமாதானமாயிட்டாங்க. நிலுவையில மனு இல்லைன்னா எழுந்து நின்னுட்டு அடுத்த வேலையைப் பாக்க வேண்டியதுதான்."

அந்த மரணம் வீணாகப் போய்விட்டது. கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். என் அவசரத்தால் ஒரு மனிதரின் உயிர் ஒன்றுக்கும் உதவாமல் போனது. இதை நான் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

அதனால்தான் அடுத்த தடவை கவனமாக இருந்தேன். காலையில் அவள் கிளம்பும்போது, "அந்த நாய்க்கார அக்கா மனு இன்னும் நிக்குதா?" என்று கேட்டேன்.

"நிக்குது. இன்னைக்கு அவங்கதான் முதல்ல பேசுறாங்க. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா."

அவள் கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

நாய்க்கார அக்கா மன்றத்தில் பேச வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, சோபாவை நாய்ங்க பிச்சுப் போட்டிருக்கு. நீங்களே கேளுங்க, நான் பேசுறது சரியா வருதா?" என்றார். கேட்டேன். நன்றாகத்தான் பேசினார். வாயில்லா ஜீவன்கள் மனுக் கொடுக்க முடியாது, அதனால் நான் கொடுக்கிறேன் என்று ஒரு இடத்தில் சொன்னார். அந்த இடத்தில் நானே தலையாட்டினேன். பேசி முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு சோபா நாடாவைப் பின்னாலிருந்து கழுத்தில் போட்டு இழுத்தேன். அந்த நாடா ஆள் கனத்தைத் தாங்குவதற்கென்றே நெய்தது, அறுந்துபோகாது. கண்ணாடியில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, நாய்களைத்தான் பார்த்தார்.

நாய்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்று என் முழங்கையைக் கவ்விச் சதையோடு இழுத்தது. அதன் தலையில் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டியதாயிற்று. மற்றதையும்தான். அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது ஐயா. அந்த நாய்கள் யாருடைய வீட்டு நேரத்தையும் எடுத்துக்கொள்ளவில்லையே.

குரைப்புச் சத்தத்தில் அக்கம்பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் பின்வழியாக வந்துவிட்டேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். சமைத்தேன். செய்தி மன்றத்துக்குப் போனது, கூட்டறையைப் பூட்டினார்கள், வண்டி வந்து வாசலில் நின்றது. எல்லாம் வழக்கப்படி.

அவள் உள்ளே வந்து சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள்.

"ரெண்டு தட்டு வெச்சிருக்கீங்க."

"ஆமா. நீ வருவேல்ல."

"சோறு ஆவி பறக்குது. நான் இப்ப வருவேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கண் என் சட்டைக் கைக்குப் போனது. சிவப்பாக ஊறியிருந்தது. "கை கழுவிட்டு வர்றேங்க" என்று கொல்லைப்பக்கம் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நான் அவள் தட்டில் பரிமாறினேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே வந்து உட்கார்ந்தது அவள் இல்லை, காக்கிச் சட்டையில் நீங்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. கடமை உங்களுக்கும் இருக்கிறது. கொன்றது நான்தான்: டிரில் மாஸ்டர், மருந்துக்கடைக்காரர், நாய்க்கார அக்கா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நல்ல குடும்பத்தைக் காப்பாற்ற ஒருவன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன்.

ஆனால் மன்றப் பியூன் கொடுத்த வாக்குமூலம் என்று நேற்று ஒன்றைப் படித்துக் காட்டினீர்களே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கூட்டங்களெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும் என்கிறார். எல்லோரும் போன பிறகு தலைவி மட்டும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாராம். மேசையில் தலை வைத்துத் தூங்குவாராம். "அம்மா, பூட்டணும், வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டால், "கூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் நடக்கட்டும்ணே" என்பாராம்.

யாருமே இல்லாத கூட்டத்தில் ஒரு பெண் எதற்கு ஐயா உட்கார்ந்திருக்கப் போகிறாள்? வீட்டில் ஒருவன் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான் என்று தெரிந்தும்?

அந்தப் பியூன்தான் ஏதாவது பேச்சுக் கொடுத்து அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. மன்றத்தில் அவர் மனு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று மட்டும் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.