இடப்பக்கச் சக்கரம்

இந்த ஸ்டேஷன் டியூப்லைட் முகங்களைப் பச்சையாக்குகிறது. நீங்கள் என் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களை இங்கே வைத்துப் படமெடுத்தால், மேடம், முதலில் அந்தப் பச்சையைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைத்தால் நன்றாகவே இருப்பீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம். கண் அப்படிப் பழகிவிட்டது.

லீமாரோஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். மண்டபம் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதல் வாங்கும் புதுநன்மை, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பேன். ஆனால் படம் எடுக்க இப்போது யாருக்குத்தான் தெரியாது? எடுத்ததை நாலு பேர் பார்க்கும்படி ஆக்கித் தருவதுதான் என் தொழில். எதை வெட்டுவது, எதை விடுவது, எந்த நிறத்தைக் கூட்டுவது, எந்த அளவில் வெளியே அனுப்புவது. அதற்கு எக்ஸ்போர்ட் என்று பெயர். எங்கள் ஊரில் எக்ஸ்போர்ட் என்றால் நண்டும் இறாலும்தான் நினைவுக்கு வரும். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் வேண்டாததைக் கழித்துவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

சுஹா முதன்முதலில் வந்தது பாஸ்போர்ட் படத்துக்காக. தாடையில் நீலம் பாரித்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதை அழித்துவிட்டுப் படத்தைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “நல்லாத்தானேக்கா இருக்கேன்” என்றாள். அழிக்காத படமும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிறகு ஜமாஅத்தில் பேச்சு வந்து, அவள் புருஷன் வசீம், தான் கை நீட்டியதே இல்லை என்று சொன்னபோது அந்தப் படம் உதவியிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்காத படத்தை எடுத்துக் கொடுக்கிற வழக்கம் எந்த ஸ்டுடியோவிலும் இல்லை.

அவள் மகள் லாமியாவைத் தூக்கிக்கொண்டு அபிராமத்துக்குப் போனது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவளுடைய உம்மாவுக்கும் எனக்கும். அங்கே ஒரு தையல்கடையின் மூலையில் உட்கார்ந்து ஆரி வேலை செய்தாள். ரவிக்கைக் கழுத்தில் ஜரிகையும் முத்தும் வைத்து, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஒளிந்திருக்கிறவளைத் தேடி யார் வேலை கொண்டுவருவார்கள்? நெட்டில் பெயரில்லாமல் ஒரு பக்கம் தொடங்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் ஃபோனில் எடுத்து அனுப்புவாள், நான் சரிசெய்து போடுவேன். பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருந்தது.

அந்தப் படங்களில் நான் செய்ததை யாரும் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் வேலையே. சுவரில் கடைப்பெயர் போட்ட காலண்டர் இருக்கும், எடுத்துவிடுவேன். ஆணியில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை தொங்கும், அதையும் எடுப்பேன். ஒரு ஸ்டீல் டம்ளரில் அவள் முகம் வளைந்து தெரிந்தது. அதை மட்டும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து துடைத்தேன். கடைசியில் முகமும் இருக்காது, ஊரும் இருக்காது, துணி மட்டும் இருக்கும். கீழே பெண்கள் எழுதுவார்கள்: சூப்பர் சிஸ், என்ன ரேட்டு, கூரியர் உண்டா. படம் நன்றாக இருக்கிறது என்று ஒருத்தியும் எழுதியதில்லை.

ஒருவர் சொன்னார். வசீம்தான். நண்டுக் கம்பெனி வைத்திருக்கிறாரே, மரியாதையான ஆள். ஸ்டுடியோவுக்கு வந்து, எல்லோரும் போகும்வரை நின்றார். முத்து வைக்கிற விதத்தைப் பார்த்தே அது யாருடைய கை என்றும், படத்தைத் துடைத்திருந்த விதத்தில் அது என் வேலை என்றும் கண்டுபிடித்துவிட்டாராம்.

“நீங்க எடம் சொல்ல வேணாம்க்கா. நான் கேக்கவும் மாட்டேன். தெனம் அந்தப் பக்கத்தத்தான் பாக்குறேன். துணிய யாரு பாத்தா. பின்னாடி எதுவும் தெரியுதான்னு பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்குறேன். ஒரு பொட்டு விட மாட்டேங்கிறீங்க. கெட்டிக்காரிதான்.”

அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. இதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும். ஆனால் அவர் போன பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் பார்த்த மாதிரியே பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். இத்தனை வருடத் தொழிலில் என் வேலையை ஓரம்வரை பார்த்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த படத்தை இன்னும் கவனமாகச் செய்தேன். அவருக்காக என்று சொல்ல மாட்டேன்.

நோன்புப் பெருநாள் கழிந்து சுஹா ஒரு புது ஃபோன் வாங்கினாள். எனக்குச் சொல்லாமல் தானே ஒரு படத்தைச் சரிசெய்து, அங்கே தெரிந்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். எனக்கும் வந்தது. சிவப்பு கொட்டிக் கிடந்தது, ஓரம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முழு உடுப்பும் தைக்கக் கேட்டு வந்தார்களாம். வாய்ஸ் மெசேஜில் ஒரே சிரிப்பு.

“இனிமே நானே போட்டுக்கிறேன்க்கா. ஈஸியாத்தான் இருக்கு, இதுக்குப் போயி உங்களச் செரமப்படுத்திக்கிட்டு. பாஸ்வேர்ட மட்டும் அனுப்பி விடுங்க, என்ன?”

ஈஸியாத்தான் இருக்கு என்றாள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபமில்லை, மேடம். யோசித்துப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வந்தது. வெளியே போகிற ஒரு படத்தில் என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு போகும் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லையே. நான் பார்க்காமல் ஒரு படம் போனால் என்ன ஆகும் என்று அவள் ஒருமுறை தெரிந்துகொள்வது அவளுக்கே நல்லது. கையில் இருக்கிற படத்தை மட்டும் போட்டுவிட்டு பாஸ்வேர்டு தருகிறேன் என்றேன். அதற்கும் ஒரு நன்றி அனுப்பினாள், பூப்படத்தோடு.

உங்கள் மேசைமேல் இருப்பது அந்தப் படம்தான். பச்சை ரவிக்கை, பக்கத்தில் தையல் மெஷின், பின்னால் உடுத்திப் பார்க்கிற கண்ணாடி. கண்ணாடிக்குள் எதிர்ச்சாரி உரக்கடையின் பலகை, அதில் கடைப்பெயர், கீழே ஊர்ப்பெயர். கண்ணாடியை வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. அவர் அதைப் பார்ப்பார் என்று தெரியும். போய்ப் பேசுவார், அவள் பயந்துபோய் என்னைக் கூப்பிடுவாள், வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

அவர் அந்தத் தையல்கடைக்குப் போனது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம், தெருவில் ஆள் இருந்திருக்காது. அந்த நேரத்தை அவர் தேர்ந்தெடுத்தது என் பொறுப்பில்லை. அவள் என்னைக் கூப்பிட்டது உண்மை, என் ஃபோனில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அப்போது ஒரு புதுநன்மைப் படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த வேலையைப் பாதியில் விட்டால் நிறம் கெட்டுவிடும்.

அவர் செய்ததில் அவள் வலது கை இனி ஊசி பிடிக்காது என்று மதுரையில் டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். பிள்ளையை அவர் எங்கே கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் லாமியாவின் படங்கள் நிறைய இருக்கின்றன. கேட்டால் தருகிறேன், நல்ல தெளிவில்.

நீங்கள் என்னிடம் அன்பாகத்தான் நடந்துகொள்கிறீர்கள். சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு சுஹா சொன்னதையும் படித்துக் காட்டினீர்கள்: “அக்கா மேல தப்பில்ல மேடம். பாவம், கவனிக்காம விட்டிருப்பாங்க.” அதையே நானும் சொன்னதாக எழுதி, கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். கவனக்குறைவு. போட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் படத்தை இன்னொரு தரம் பாருங்கள். மெஷினைத் தைக்கிறவர் உட்காரும் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறாள். அப்படி எடுத்தால் கைச்சக்கரம் வலப்பக்கம் இருக்கும், உலகத்தில் எந்த மெஷினிலும். இதில் இடப்பக்கம் இருக்கிறது. கண்ணாடியில் விழுந்த எழுத்து இடம்வலம் மாறித்தான் இருந்தது, மேடம். அப்படியே விட்டால் வாசிக்கச் சிரமம். படம் முழுவதையும் இடம்வலமாகத் திருப்பினேன். பலகைமேல் மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், ஊர்ப்பெயரைக் கூர்மையாக்கினேன். வழக்கமாக அனுப்புகிற சின்ன அளவில் அனுப்பினால் பெருசாக்கும்போது உடைந்துபோகும் என்று பெரிய அளவில் போட்டேன். ஒரு பொட்டு விடவில்லை.

இதைப் போய்க் கவனிக்காமல் செய்தது என்கிறாள் அவள். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன்.